பயிலும் கைகள்

தச்சனிடம் தொழில் பயிலச் சேரும் சிறுவன் முதலிலே கழிவுப் பலகையில் உளியைப் பிடித்துப் பார்க்கிறான். பலகை பிளந்துபோனால் நட்டம் சிறிது. அது அடுப்புக்கு விறகாகும். தையல் பயிலும் பெண் பழந்துணியில் ஊசியோட்டிப் பழகுகிறாள். குயவன் மகன் வனைந்த முதற் பானை கோணிப்போனால், அந்த மண்ணையே மீண்டும் குழைத்துச் சக்கரத்தில் ஏற்றிவிடலாம். ஆயின், வைத்தியம் பயிலும் மாணவனுக்குக் கழிவுப் பலகையும் இல்லை; பழந்துணியும் இல்லை; குழைத்துத் திருத்தும் மண்ணும் இல்லை. அவன் எழுதிப் பழகும் ஏடு மனித உடம்பு. அது நோவறியும், நாணமறியும், அச்சமும் அறியும்.

"ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்" என்று நம் ஊரவர் நகையாகச் சொல்வதுண்டு. அப்பழமொழியின் உண்மை வடிவம் அதுவன்று, ஆயிரம் வேரைக் கண்டவனே அரை வைத்தியன் என்பதுதான் எனத் திருத்திச் சொல்வாரும் உளர். எவ்வடிவத்தைக் கொண்டாலும் கருத்து ஒன்றே. எண்ணிறந்த முறை பயின்ற பின்னரும் வைத்தியன் பாதி வழியிலேயே நிற்கின்றான். அவ்வாறாயின், அவன் முதன்முறை கைவைத்துப் பயில உடம்பைக் கொடுப்பவர் யார்? கைதேர்ந்த வைத்தியரின் நூறாவது நோயாளியாக இருக்க நாம் எல்லோரும் விரும்புகிறோம். முதலாவது நோயாளியாக இருக்க முன்வருபவர் அரியர். ஆனால் முதலாமவர் இல்லையேல் நூறாமவரும் இல்லை அன்றோ?

சித்த வைத்தியம் பயிலும் மாணவர்களின் கையாலே, அவர்தம் ஆசிரியர் அருகிருந்து நோக்க, சில வாரங்கள் எண்ணெய்த் தடவற் சிகிச்சை பெறும் வாய்ப்பு அண்மையில் எமக்குக் கிடைத்தது. அந்த அனுபவத்தைத் துணையாகக் கொண்டு மேற்கூறிய கேள்வியை இங்கே சிறிது ஆராய்வோம். இது நோயாளிகளுக்கு மாத்திரமன்றி, பிள்ளைகளைப் படிப்பிக்கும் பெற்றோருக்கும், படிக்கும் மாணவர்களுக்கும் உரிய விடயமென்றே கருதுகின்றோம்.

வீட்டுத் திண்ணையும் வைத்தியசாலையும்

உடம்பை எண்ணெயிட்டு உருவிவிடும் வழக்கம் நமக்குப் புதியதன்று. குளிக்க வார்ப்பதற்கு முன் குழந்தையைத் தம் நீட்டிய கால்களின்மேற் கிடத்தி, கைகால்களை நீவி விடும் அம்மம்மாவை அறியாத வீடு எது? சனிக்கிழமை தோறும் நல்லெண்ணெய் தேய்த்து, சீயாக்காயும் தேசிக்காயும் அவித்து முழுகிய தலைமுறை இன்னும் முற்றாக மறைந்துவிடவில்லை. வயலிலிருந்து இடுப்புப் பிடிப்போடு வந்தவருக்கு மனைவியோ மகனோ எண்ணெய் தடவி உருவிவிடுவதும், கைகால் பிசகினால் முறிவு நெரிவு வைத்தியரைத் தேடிச் செல்வதும் நம் கிராமங்களிலே கண்கூடு.

இவ்வழக்கத்துக்குச் சித்த வைத்தியத்திலே ஒழுங்கான ஓரிடம் உண்டு. அகமருந்து முப்பத்திரண்டு, புறமருந்து முப்பத்திரண்டு என மருந்துகளை வகுத்த அந்த நெறியிலே, கட்டு, பற்று, ஒற்றடம், பூச்சு, வேது, பொட்டணம் ஆகியவற்றோடு தொக்கணம் என்பதும் புறமருந்துகளில் ஒன்றாக எண்ணப்படுகிறது. தொக்கணம் என்பதே நாம் தடவல், பிடித்தல் என்று சொல்லும் சிகிச்சை. அதனைத் தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என ஒன்பது வகையாகப் பிரித்துள்ளனர். எண்ணெயோடு செய்வதும் உண்டு. எண்ணெயின்றிச் செய்வதும் உண்டு. வாதத்தால் வரும் பிடிப்பு, குத்து, விறைப்பு முதலியவற்றுக்கே இது பெரிதும் பயன்படுவது.

ஒன்பது சொற்களையும் மனனஞ் செய்ய ஒரு மாணவனுக்கு ஒரு நாழிகை போதும். அழுத்தலுக்கும் இறுக்கலுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைக் கை அறிந்துகொள்ளவோ ஆண்டுகள் செல்லும். நூல் சொல்வது சொல்லை. கை அறிவது பொருளை. இரண்டுக்கும் இடையிலே ஒரு நோயாளியின் தோளோ முதுகோ இருந்தே தீரவேண்டும்.

கல்லூரியாக மாறிய பரம்பரை

முற்காலத்திலே இக்கலை தந்தையிடமிருந்து மைந்தனுக்கும், குருவிடமிருந்து அணுக்க மாணாக்கனுக்கும் சென்றது. செகராசசேகரம், பரராசசேகரம் என யாழ்ப்பாண மன்னர் பெயரால் விளங்கும் வைத்திய நூல்கள் அப்பரம்பரையின் கைவிளக்குகளாய் இருந்தன. மாணாக்கன் மருந்து இடித்தான், எண்ணெய் காய்ச்சினான், குரு தடவும்போது கிண்ணத்தை ஏந்தி நின்றான், பல காலத்தின் பின்னரே கைவைக்க அனுமதி பெற்றான். அம்முறையின் நன்மை, குருவின் கண் மாணாக்கன்மீது எப்போதும் இருந்தமை. அதன் குறை, அறிவு ஒரு வீட்டு வளவுக்குள்ளே அடைபட்டமை. குரு சொல்லாது இறந்தால் அவரோடு கலையும் இறந்தது.

பலருக்கு ஒருங்கே வைத்தியங் கற்பிக்கும் முறையை யாழ்ப்பாணம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கண்டது. 1847 ஆம் ஆண்டில் இங்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயிலே நம் இளைஞர்களுக்கு மேலைநாட்டு வைத்தியம் கற்பித்தார். பிற்பட்ட காலத்திலே அதனைத் தமிழ் மொழியிலேயே கற்பித்து, நூல்களையும் தமிழாக்கம் செய்தார். சுதேச வைத்தியத்துக்கெனக் கொழும்பிலே 1929 ஆம் ஆண்டு ஒரு கல்லூரி தோன்றியது. ஆயுள்வேதம், சித்தம், யுனானி என்னும் மூன்றும் அங்கே இடம்பெற்றன. 1961 ஆம் ஆண்டின் ஆயுள்வேதச் சட்டம் இவ்வைத்திய முறைகளுக்குச் சட்டவரம்பு அமைத்தது. 1984 ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் சித்த வைத்தியத்தைப் பட்டப்படிப்பாக ஏற்றது. அதற்குரிய இடமாகக் கைதடி அமைந்தது. ஐந்தாண்டுப் படிப்பும் அதன் பின்னர் ஓராண்டு உள்ளகப் பயிற்சியும் இன்று அப்பட்டத்துக்கு வேண்டப்படுகின்றன.

இவ்வாறு வளவுக்குள் இருந்த கலை வகுப்பறைக்கு வந்தது. வகுப்பறைக்கு வந்ததனாலேயே, அது பொதுமக்களின் உதவியையும் வேண்டி நிற்கிறது. தந்தையிடம் பயிலும் மகனுக்குத் தந்தையின் நோயாளரே நோயாளர். பல்கலைக்கழக மாணவனுக்கோ, போதனா வைத்தியசாலைக்கு வரும் நீங்களும் நாமுமே நோயாளர்.

சோக்கட்டி ஏந்தும் தோள்

இருபதாண்டுகளுக்கு மேலாகக் கரும்பலகையில் எழுதிவந்த எம் வலத்தோள் சென்ற ஆண்டிலே மெல்ல மெல்ல இறுகத் தொடங்கியது. முதலில் இராக்காலத்தில் மாத்திரம் நோவு. அப்பக்கமாகச் சரிந்து படுத்தால் நித்திரை கலைந்துவிடும். பின்னர் கையை உயர்த்துவது கடினமாயிற்று. தலை வாருவதற்கும், சட்டைக் கைக்குள் கையை நுழைப்பதற்கும், முதுகுப்புறம் கைகொண்டு செல்வதற்கும் வீட்டாரின் துணை வேண்டியிருந்தது. கரும்பலகையின் மேற்பாதி எமக்கு எட்டாத தேசமாயிற்று. மாணவர்கள் இதனைக் கண்டும் காணாதவர்போல் இருந்தமை எமக்குப் பின்னும் வருத்தந் தந்தது.

மேலைநாட்டு வைத்தியர் இதனை உறைந்த தோள் என்பர். தோள் மூட்டைச் சூழ்ந்த உறை தடித்துச் சுருங்குவதே அதன் தன்மை. நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடைப்பட்ட வயதினரிடம் இது மிகுதி. ஆண்களிலும் பெண்களிடம் மிகுதி. சலரோகம் உடையவரிடம் மேலும் மிகுதி. நோவு மிகும் பருவம், விறைப்பு மிகும் பருவம், தளர்ந்து விடுபடும் பருவம் என மூன்று பருவங்களாக அது நடந்து முடிய ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை செல்லலாம். சித்த வைத்தியர்கள் கும்பவாதம் என்று கூறுவதோடு இதனை ஒப்பிடுவர்.

நண்பரொருவரின் சொற்கேட்டு, மாணவர் பயிற்சி பெறும் ஒரு சித்த வைத்தியசாலைக்குச் சென்றோம். பெயர் பதிந்த பின் முதலில் கேட்கப்பட்ட கேள்வி எம்மைக் கவர்ந்தது. "சேர், உங்களைப் பார்ப்பவர்கள் மாணவர்கள், நாங்கள் பக்கத்திலே நிற்போம். இதற்கு உங்களுக்குச் சம்மதமோ? விருப்பமில்லையென்றால் சொல்லுங்கோ; நாங்களே செய்வோம்." ஆண்களுக்கு ஆண் மாணவரும் பெண்களுக்குப் பெண் மாணவியருமே அங்கே சிகிச்சை செய்கின்றனர். இடையிலே திரையும் உண்டு.

எம்மைப் பொறுப்பேற்ற மாணவனுக்கு இருபத்து மூன்று வயதிருக்கலாம். அவன் உடனே எண்ணெய்க் கிண்ணத்தை எடுக்கவில்லை. மூன்று விரல் வைத்து நாடி பார்த்தான். நித்திரை, பசி, மலசலம், செய்தொழில், முன்னர் விழுந்ததுண்டா, நெஞ்சு நோவு வருவதுண்டா, என்னென்ன மருந்துகள் உட்கொள்கிறோம் என்பனவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டான். அரை மணி நேரம் கேள்வியிலேயே கழிந்தது. அனுபவமுள்ள வைத்தியர் ஐந்து கேள்வியில் முடித்திருப்பார்; மாணவனோ ஐம்பது கேள்விகளில் ஒன்றையும் விடத் துணியவில்லை. "சலரோகம் உண்டோ சேர்?" என்றான். அப்படியொன்றும் யாரும் சொன்னதில்லை என்றோம். அருகில் நின்ற ஆசிரியர் அக்குறிப்பைப் பார்த்து, "தோள் இறுகி வந்தவருக்குச் சீனி பாராமல் விடக்கூடாது, எழுதும்," என்றார். அவ்வாறே இரத்தம் பரிசோதிக்கப்பட்டது. சீனி அளவு வரம்பைக் கடந்திருந்தமை அன்றுதான் தெரியவந்தது. தோளுக்காகச் சென்ற இடத்திலே, தோளிலும் பெரிய விடயமொன்று வெளிப்பட்டது. அதனை வெளிப்படுத்தியது, ஒன்றையும் விட்டுவிட அஞ்சிய ஒரு மாணவனின் கவனம்.

"முகத்தைப் பாரும்"

வாதகேசரித் தைலத்தை வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து இளஞ்சூடாக்கி, தன் புறங்கையில் ஒரு துளி விட்டுச் சூடு பார்த்த பின்னர் மாணவன் எம் தோளிலே கைவைத்தான். அக்கை சற்றே நடுங்கியது. தைலத்தின் சூட்டையும் கடந்து விரல்களின் குளிர்ச்சி தெரிந்தது. பெருவிரலை ஊன்றி அழுத்தியபோது நோவு சுளீரென்று ஏறியது.

"நோகுதோ சேர்?"

"இல்லைத் தம்பி."

ஆசிரியர் குறுக்கிட்டார். அவர் எம்மிடம் ஒன்றும் சொல்லவில்லை. மாணவனை நோக்கியே பேசினார். "நோகுதோ என்று கேட்டால் இல்லையென்றுதான் சொல்லுவார், மரியாதைப்பட்ட மனிசர். அவருடைய முகத்தைப் பாரும். நெற்றி சுருங்கினது தெரியவில்லையோ? மூச்சை அடக்கினது தெரியவில்லையோ?" பின்னர் மாணவனின் கைமேல் தம் கையை வைத்து, பெருவிரலை விலக்கி உள்ளங்கையைப் பதித்து, "விரலாலே அமுக்காதேயும். உம்முடைய உடம்பின் பாரத்தை மெல்ல இறக்கும். இறுக்கம் இடங்கொடுக்குமட்டும் பொறும், இடங்கொடுத்தபின் போம்," என்றார். இரு கைகளும் ஒன்றன்மேல் ஒன்றாய் எம் தோளில் நகர்ந்தன. சிறிது நேரத்தில் மேற்கை விலகியது. கீழ்க்கை மாத்திரம் தனியே சென்றது. எப்போது விலகியதென்று எமக்குத் தெரியவில்லை. முன்னிருந்த நடுக்கம் மாத்திரம் இல்லை.

கற்பித்தல் என்பது இதுவன்றோ? பிடித்த கையைக் காலமறிந்து விடுவதே ஆசிரியத்தொழில். முந்தி விட்டால் மாணவன் விழுகிறான். விடாமலே பிடித்திருந்தால் அவன் நடப்பதில்லை.

பின்னர் அசைத்தல். கையை முழங்கையிலே தாங்கி, சிறிது வெளிப்புறமாகத் திருப்பி, சிறிது உயர்த்தி, நோவு தோன்றும் எல்லையிலே நிறுத்தி மீட்டனர். அவ்வெல்லையை மாணவன் பாகையளவிலே குறித்துக்கொண்டான். வீட்டிலே செய்யவேண்டிய பயிற்சிகள் இரண்டையும் காட்டினான். ஒன்று, குனிந்து கையைத் தொங்கவிட்டுச் சிறு வட்டமாக ஆட்டுவது. மற்றையது, சுவரிலே விரல்களை நடத்தி மேலேற்றுவது. "இங்கே செய்வது கால்வாசி சேர், வீட்டிலே நீங்கள் செய்வதுதான் முக்கால்வாசி," என்றான். வீட்டுவேலை கொடுத்தே பழகிய எமக்கு, வீட்டுவேலை பெறும் முறை வந்து சேர்ந்தது.

அடுத்த கட்டிலுக்கு வந்திருந்த பெரியவர் ஒருவர், "டொக்டர் தம்பி, குறை நினையாதையும். படிக்கிற பொடியன்ரை கையிலை என்ரை இடுப்பைக் குடுக்க ஏலாது," என்று ஒரே பிடியாகச் சொல்லிவிட்டார். "அதற்கென்ன அப்பு, நான் செய்கிறேன்," என்று ஆசிரியர் முகங்கோணாது சென்றார். மாணவன் அருகில் நிற்பதற்கும் பெரியவரின் அனுமதியைக் கேட்டே நிறுத்தினார். அவன் கிண்ணத்தை ஏந்தி நின்று பார்த்துக் கொண்டான். பழைய குருகுல முறை அங்கே ஒரு கணம் தோன்றி மறைந்ததுபோல் இருந்தது.

பெரியவர் செய்தது தவறென்று நாம் சொல்லோம். தம் உடம்பை யார் தொடலாம் என்று தீர்மானிப்பது அவரவர் உரிமை. ஏழை என்பதனாலோ, இலவச வைத்தியம் என்பதனாலோ அவ்வுரிமை குறைந்துவிடாது. மறுக்க இயலாத இடத்திலே கொடுக்கப்படும் சம்மதம் சம்மதமாகாது. ஆயினும், அன்று வந்திருந்த அனைவரும் பெரியவரைப் போன்றே சொல்லியிருந்தால், இன்னும் பத்தாண்டின் பின் பெரியவரின் பேரனுக்கு இடுப்புப் பிடித்தால் யாரிடம் போவது என்னும் கேள்வியும் உடனெழுகிறது. உரிமை ஒரு பக்கம், ஊர்க்கடன் மறுபக்கம். கட்டாயத்தாலன்றி மனமுவந்து செலுத்தும் கடனே இங்கே கடன்.

நோயாளியும் ஓர் ஆசிரியன்

திருக்குறளிலே மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறள் வைத்தியத்தின் உறுப்புக்கள் நான்கு என்று வகுக்கின்றது. நோயுற்றவன், வைத்தியன், மருந்து, அருகிருந்து பேணுபவன் என்போரே அந்நால்வர். இவருள் நோயுற்றவன் முதலில் வைக்கப்பட்டிருப்பது சிந்திக்கத்தக்கது. நோயாளி வைத்தியத்துக்குப் பொருள் மாத்திரம் அல்லன். அதனைச் செய்வோருள் ஒருவனுமாவான்.

பயிற்சி வைத்தியசாலையிலே இவ்வுண்மை பின்னும் விளங்கித் தோன்றும். அங்கே நோயாளி அறிந்தோ அறியாமலோ பாடஞ் சொல்கிறான். நொந்த இடத்தில் நொந்தது என்று சொன்னால் மாணவன் ஒரு பாடம் கற்கிறான். மரியாதை கருதி இல்லையென்று சொன்னால், பிழையான அழுத்தத்தைச் சரியென்று கற்று, அதனையே நாளை நூறு பேருக்குச் செய்வான். நம் பொய்யின் விலையைக் கொடுப்பவர் நாமல்லர். நமக்குப் பின் வருபவர்.

வகுப்பறையிலும் இதன் மறுவடிவத்தை நாள்தோறும் காண்கிறோம். "விளங்கியதா?" என்று கேட்டால் நாற்பது குரல்கள் ஒருங்கே, "ஓம் சேர்," என்கின்றன. விளங்காத பிள்ளையும் ஓமென்கிறது. ஆசிரியருக்கு மனம் நோகக்கூடாது என்பதும், அயலில் இருப்பவன் நகைப்பானே என்பதும் காரணங்கள். ஆதலின், நல்லாசிரியன் விடையை நம்பான், முகத்தை நோக்குவான். அந்த வைத்திய ஆசிரியர் தம் மாணவனுக்குச் சொன்ன இரு சொற்களை எமக்கும் சொன்னதாகவே ஏற்றுக்கொண்டோம். கேள்வி கேட்கும் முறையையும் மாற்றினோம். "விளங்கியதா?" என்பதை விடுத்து, "எந்த வரியிலே விளங்காமற் போயிற்று?" என்று கேட்கிறோம். விளங்காமை ஒரு குற்றமன்று, எதிர்பார்க்கத்தக்கதே என்று கேள்வியே சொல்லிவிடுவதால், கைகள் சில உயர்கின்றன.

தோளின் நிலை யாதென வாசகர் கேட்கக்கூடும். வாரம் இருமுறையாகப் பல வாரங்கள் சென்றோம். சுவர்ப் பயிற்சியை நாள்தோறும் செய்தோம். சீனிக்கு உணவை ஒழுங்குபடுத்தி, வேண்டிய மருத்துவமும் பெற்றோம். இரவு நோவு தணிந்தது. கை இப்போது கரும்பலகையின் மேல்விளிம்புக்கு நான்கு விரற்கடை கீழே நிற்கிறது. தானாகவே தளரும் இயல்பு இந்நோய்க்கு உண்டாதலின், இதிலே தைலத்தின் பங்கு எவ்வளவு, பயிற்சியின் பங்கு எவ்வளவு, காலத்தின் பங்கு எவ்வளவு எனப் பிரித்துச் சொல்லுதல் ஒருவர் தோளை வைத்து இயலாது. அம்மாணவனின் குறிப்பேட்டிலே மாத்திரம் பாகைகள் வாரந்தோறும் ஏறியிருந்தன. அதனை அவன் காட்டியபோது அவன் முகத்திலிருந்த மகிழ்ச்சி, முதல்வகுப்பிற் சித்தியடைந்த பிள்ளையின் மகிழ்ச்சியாகவே இருந்தது.

பிற நாட்டார் கண்ட வழி

கையாற் செய்யும் வைத்தியத்தைக் கல்லூரியில் வைத்துப் பயிற்றும் முயற்சி பல நாடுகளிலும் நிகழ்ந்ததே. யப்பானிலே பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த சுகியாமா வைச்சி என்பவர் சிறுவயதிலேயே பார்வையிழந்தவர். ஊசி வைத்தியத்தில் வல்லவராகி, பார்வையற்றோருக்கு அதனையும் அன்மா என்னும் தடவல் வைத்தியத்தையும் கற்பிக்கப் பாடசாலைகள் அமைத்தார். கண்ணில்லாதார் கையாலே காணலாம் என்பதை அவர் நாட்டுக்கு மெய்ப்பித்தார். சுவீடனிலே பேர் ஹென்றிக் லிங் என்பவர் 1813 ஆம் ஆண்டு ஸ்ரொக்ஹோம் நகரில் நிறுவிய உடற்பயிற்சிக் கல்விநிலையம் ஐரோப்பா எங்கணும் இத்துறைக்கு வழிகாட்டியது. பாங்கொக் நகரிலுள்ள வாட் போ என்னும் பௌத்த ஆலயத்திலே, மூன்றாம் ராமா மன்னர் காலத்தில் வைத்திய அறிவு கல்லிலே பொறித்து வைக்கப்பட்டது. 1955 ஆம் ஆண்டில் அங்கே வைத்தியப் பாடசாலையும் எழுந்தது. தாய்லாந்தின் தடவற் கலையை 2019 ஆம் ஆண்டு யுனெஸ்கோ மனித குலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகப் பட்டியலிட்டது.

இவற்றுள் இங்கிலாந்தின் கதை நமக்கு மிகவும் பொருந்துவது. 1894 ஆம் ஆண்டளவிலே, தடவல் நிலையம் என்னும் பெயரில் இலண்டனிலே ஒழுக்கக்கேடான இடங்கள் பெருகின. போலிச் சான்றிதழ்களும் விற்கப்பட்டன. வைத்தியச் சஞ்சிகை எச்சரித்தது. நேர்மையாகத் தொழில் செய்த பெண்களும் தலைகுனிய நேர்ந்தது. அப்போது தாதித்தொழில் அறிந்த நான்கு பெண்மணிகள் ஒன்றுகூடி, பயிற்சி பெற்றோர் சங்கமொன்றை நிறுவினர். வைத்தியரின் பணிப்பின்றி எவருக்கும் சிகிச்சை செய்யலாகாது, வைத்திய இதழ்களிலன்றி வேறெங்கும் விளம்பரஞ் செய்யலாகாது என்பன அவர்கள் விதித்த விதிகளிற் சில. பரீட்சை நடத்தித் தேறியோருக்கே சான்றிதழ் அளித்தனர். 1920 இல் அரச பட்டயம் பெற்ற அச்சங்கமே வளர்ந்து, 1944 முதல் இயன்மருத்துவர்களின் பட்டயச் சங்கமாக விளங்குகிறது.

இன்று நம் நாட்டிலும் மசாஜ் என்னும் சொல்லைக் கேட்டவுடன் குடும்பத்தார் முகஞ்சுளிக்கின்றனர். நகரத்துப் பலகைகள் சில அதற்கு இடந்தந்துள்ளன. ஒரு கலையின் மானத்தைக் காப்பது கூச்சலன்று. பரீட்சை, பதிவு, மேற்பார்வை, திறந்த கதவு என்பனவே என்று அந்நான்கு பெண்களும் காட்டிச் சென்றனர். மாணவனின் கைக்கு மேலே ஆசிரியரின் கண் இருக்கும் இடம் ஐயத்துக்குரிய இடமன்று. ஐயம் நீங்கும் இடம்.

அறிந்திருக்க வேண்டியவை

தடவற் சிகிச்சை பிடிப்பையும் நோவையும் ஒரு காலத்துக்குத் தணிக்கும். மனத்துக்கும் அமைதி தரும். எல்லா நோயையும் அது தீர்க்கும் என்று சொல்வோரை நம்பலாகாது. சில நிலைமைகளில் அதனால் தீங்கும் விளையும். காய்ச்சல், தோலிற் புண் அல்லது தொற்று, புதிய எலும்பு முறிவு என்பன உள்ளபோது தடவுதல் கூடாது. ஒரு காலின் கெண்டை மாத்திரம் வீங்கிச் சூடேறி நொந்தால், உள்ளே இரத்தம் உறைந்திருக்கக்கூடும். அதனை உருவினால் உறைந்த கட்டி நுரையீரலுக்குச் சென்று உயிராபத்தை விளைக்கும். எலும்பு மெலிந்த முதியோர், கர்ப்பிணிகள், புற்றுநோய் அல்லது இருதய நோய் உடையோர், இரத்தம் உறையாதிருக்க மருந்து உட்கொள்வோர் ஆகியோர் தம் வைத்தியரைக் கேட்ட பின்னரே இதனை நாடவேண்டும். சலரோகத்தாற் கால்மரத்தவர்களுக்குச் சூட்டெண்ணெய் சுட்டாலும் தெரியாது. நெஞ்சிலே இறுக்கத்தோடும் வியர்வையோடும் தோளுக்கோ கைக்கோ பரவும் நோவு தோன்றினால், எண்ணெய்ப் போத்தலைத் தேடாது பெரிய வைத்தியசாலைக்கு உடனே விரைதல் வேண்டும்.

பயிற்சி வைத்தியசாலைக்குச் செல்வோர் நான்கு கேள்விகளைக் கேட்கத் தயங்கவேண்டாம். எனக்குச் சிகிச்சை செய்பவர் எத்தனையாம் ஆண்டு மாணவர்? மேற்பார்வை செய்யும் வைத்தியர் எங்கே நிற்பார்? வேண்டாமென்றால் இடையில் நிறுத்தலாமா? என் நோய் விவரத்தை யார் அறிவர்? நல்ல நிலையத்திலே இக்கேள்விகளை மகிழ்ச்சியோடு ஏற்பர். உண்டவுடன் செல்லாதிருத்தலும், பழைய துவாயொன்றைக் கொண்டு செல்லுதலும் நலம். எல்லாவற்றுக்கும் மேலாக, நோவை நோவென்று சொல்லுதல் வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு சொல். நீங்கள் எந்தத் துறையிற் பயின்றாலும், உங்கள் முதற் பிழைகளைத் தாங்கிக்கொள்ளும் ஒருவர் எங்கேனும் இருப்பார். ஆசிரியத்தொழில் பயில்பவருக்கு ஒரு வகுப்புப் பிள்ளைகள். தாதித்தொழில் பயில்பவருக்கு ஒரு கை நரம்பு. வழக்குரைக்கப் பயில்பவருக்கு ஓர் ஏழைக் கட்சிக்காரர். அவர்கள் உங்களுக்குக் கடன் தந்தவர்கள். அக்கடனை அவர்களுக்கே திருப்பிச் செலுத்த இயலாது. பின்வருவோருக்கு உங்கள் திறமையாலும், உங்களிடம் பயில வரும் இளையவருக்கு உங்கள் பொறுமையாலுமே செலுத்தலாம்.

பெற்றோருக்கும் ஒரு சொல். நம் பிள்ளை டொக்டராகவேண்டுமென்று நேர்த்தி வைக்காத வீடு யாழ்ப்பாணத்தில் அரிது. நம் பிள்ளை டொக்டராவதற்கு அயல்வீட்டுப் பிள்ளையின் கையை நாம் தாங்கிக்கொள்ள வேண்டும். அயல்வீட்டார் நம் பிள்ளையின் கையைத் தாங்கிக்கொள்ள வேண்டும். இக்கொடுக்கல் வாங்கலை மறந்த சமுதாயத்திலே சான்றிதழ்கள் பெருகும், கைதேர்ந்தவர் அருகுவர். ஆதலின், அடுத்த முறை வெள்ளைச் சட்டையணிந்த ஓர் இளையவர் அருகில் வந்து, "நான் பார்க்கலாமோ?" என்று கேட்கும்போது, நன்கு சிந்தித்து, கேட்கவேண்டியதைக் கேட்டு, மனம் இசைந்தால், "பாரும் தம்பி," என்று சொல்லிப் பாருங்கள். அச்சொல்லின் பயனை நுகர்பவர்களை நாம் காணமாட்டோம். ஆயினும் அவர்கள் இருப்பார்கள்.